மான் மண்டையோடு யாருக்கு உரியது?

விலங்கெலும்புகளை ஆராய்பவன் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வேட்டையில் கிடைத்த மான் தலையை வேதிப்பொருள் இல்லாமல், இயற்கையான முறையில் சுத்தம் செய்து வீட்டில் வைப்பது எப்படி? அயல்நாட்டு வேட்டைக்காரர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் காட்டும் முறைகள் பெரும்பாலும் சரியானவையே. ஆனால் இங்கே அந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்ல வேண்டியது சட்டம்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் தந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. பிரிவு 39-இன்படி, வேட்டையாடப்பட்ட விலங்கு மட்டுமன்றி, இறந்து கிடந்த காட்டு விலங்கும் அதன் கொம்பும் எலும்பும் அரசின் உடைமை. அத்தகைய பொருள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும். எனவே சுவரில் மாட்டுவதற்காக மான் தலையைச் சுத்தம் செய்யும் முறையை யாருக்கும் சொல்லித்தர நான் தயாராக இல்லை.

ஆயினும் அம்முறையையே வேண்டாததாக ஒதுக்கிவிட முடியாது. தசையை நீக்கி எலும்பைச் சிதையாமல் மீட்பது தொல்விலங்கியலின் அடிப்படைக் கலை. கொதிக்க வைத்தால் பற்கள் வெடிக்கும்; கொழுப்பு எலும்புக்குள் இறங்கி நாளடைவில் மஞ்சளாய்க் கசியும். சலவைத்தூள் எலும்பின் புரதத்தையே அரித்து மேற்பரப்பை மாவாக்கும். மண்ணில் புதைத்தால் வேரின் தடமும் மண்ணின் கறையும் ஏறும். இவற்றை விடுத்து, மூடிய வாளியில் நீரில் ஊறவைத்து நுண்ணுயிரிகளிடம் வேலையை ஒப்படைப்பது பழைய வழி. வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். உதிரும் பல் போய்விடாமல் நீரை வடிகட்டி மாற்ற வேண்டும். உலர்ந்த தசையை உண்ணும் டெர்மெஸ்டிட் வண்டுகளை வளர்த்து அவற்றின்முன் தலையை வைப்பது அருங்காட்சியகங்களின் வழி. மானின் மூக்குக்குள் தாள்போல் சுருண்டிருக்கும் மெல்லெலும்புகளைக்கூட அவை உடைப்பதில்லை.

இத்தனை பொறுமையும் எதற்காக? கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த 70 எலும்பு மாதிரிகள் புணே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு வெளிமான், காட்டுப்பன்றி எலும்புகளும் அங்கே இனங்காணப்பட்டன. உடைந்த துண்டு ஒன்று வெள்ளாட்டுடையதா வெளிமானுடையதா என்று சொல்ல, இரண்டின் முழு எலும்புக்கூடுகளும் மேசைமேல் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்வது ஊகம். எலும்போடு எலும்பை வைத்துப் பார்ப்பதே சான்று. சங்ககால மக்கள் எதை வளர்த்தார்கள், எதை வேட்டையாடினார்கள் என்ற பெரிய வாதங்கள் கடைசியில் இந்த மேசையில்தான் தீர்கின்றன. அந்த மேசை நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை துறைகளில் இருக்கிறது?

நீதிமன்றத்திலும் இதே அறிவு வேண்டியிருக்கிறது. பேச்சுவழக்கில் எல்லாம் ‘மான் கொம்பு’தான். ஆனால் புள்ளிமானும் கடமானும் ஆண்டுதோறும் உதிர்த்து மீண்டும் வளர்ப்பது எலும்பாலான கிளைக்கொம்பு. வெளிமானுடையது எலும்புக் காம்பின்மேல் உறை போர்த்திய, உதிராத கொம்பு. ‘காட்டில் உதிர்ந்து கிடந்தது’ என்பது பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. தானாக உதிர்ந்த கொம்பின் அடியில் மண்டையோட்டின் பகுதி ஒட்டியிருக்காது. ஒட்டியிருந்தால் அது உதிர்ந்ததன்று. தொல்காப்பிய மரபியல் இரலை, கலை, பிணை என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பெயர் வகுத்த மொழியில், பட்டம் பெற்ற விலங்கியல் மாணவர் ஒருவர் இந்த வேறுபாட்டைக் கையில் தொட்டு அறியாமலே வெளியேறுகிறார்.

மண்டையோடுகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. மைசூரின் வான் இங்கன் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டு நெடுகிலும் மன்னர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பாடம்செய்து கொடுத்த தலைகள் இன்றும் மாளிகைச் சுவர்களில் இருக்கின்றன. ஆனால் பொதுவாக வேட்டைச் சின்னங்களில் இடம், நாள், பால், வயது என்ற குறிப்புகள் முழுமையாக இருப்பதில்லை. சுட்டவரின் பெருமைக்கு அவை தேவைப்படவில்லை. 1911இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் தொடங்கிய பாலூட்டிகள் கணக்கெடுப்பிலும் விலங்குகள் கொல்லப்பட்டனதாம். ஆயினும் ஒவ்வொரு மண்டையோட்டோடும் ஒரு சீட்டுக் கட்டப்பட்டது. நூறாண்டுக்குப் பின்னும் அவை ஆய்வுக்குப் பயன்படுவது அந்தச் சீட்டினால்தான்.

என் கோரிக்கை எளியது. வேட்டைத் தடையில் ஓர் எழுத்தும் தளர வேண்டியதில்லை. உயிரியல் பூங்காக்களிலும் சாலைகளிலும் மான்கள் இறக்கின்றன. உடற்கூறாய்வுக்குப் பின் பெரும்பாலும் எரிக்கிறோம் அல்லது புதைக்கிறோம். வழக்குகளில் பறிமுதலான கொம்புகளையும் அழிக்கிறோம். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி வழங்க அதே சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடமுண்டு. வழக்கு முடிந்த பொருள்களிலும் இயற்கையாய் இறந்த விலங்குகளிலும் ஒரு சிறு பங்கை, மாநிலத்திற்கு ஒன்றிரண்டு பல்கலைக்கழகங்களின் எலும்புச் சேகரங்களுக்கு, எண்ணிட்டு, பதிவேட்டோடு அளிக்கலாம். 2021இல் அசாம் அரசு 2,479 காண்டாமிருகக் கொம்புகளை எரித்தபோதும் 94 கொம்புகளை எதிர்காலத்துக்காக ஒதுக்கி வைத்தது. அழிப்பதும் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

இதற்கு வரும் மறுப்புகள் இரண்டு. முதலாவது நோய். 2022 மார்ச்சில் சென்னை ஐஐடி வளாகத்தில் இறந்த புள்ளிமான் ஒன்றுக்கு அடைப்பான் நோய் உறுதியானது; அத்தகைய உடலை அறுக்கவே கூடாது. ஆகவே கால்நடை மருத்துவரின் சான்றின்றி ஒரு தலையும் ஆய்வகத்துக்குள் வரலாகாது. இரண்டாவது, சேகரம் கள்ளச்சந்தைக்குக் கசியும் என்ற அச்சம். நியாயமான அச்சம்தான், ஆனால் எண்ணிட்டு ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படும் பத்து மண்டையோடுகளைவிட, கிடங்கில் எண்ணப்படாமல் குவிந்து கிடப்பவற்றுக்கே ஆபத்து அதிகம்.

அரசாணை வரும்வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நான் வசிக்கும் அடுகோடியில் எந்த இறைச்சிக் கடையிலும் ஆட்டுத்தலை கிடைக்கும். துறையின் அனுமதியோடு, காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து, நீரில் ஊறவைக்கும் முறையை அதில் பழகுங்கள். சவர்க்காரம் கலந்த வெந்நீரில் கொழுப்பை நீக்கி, நிழலில் உலர்த்தி, எங்கே எப்போது வாங்கியது, ஆணா பெண்ணா என்று சீட்டு எழுதுங்கள். மேல்தாடையில் முன்பற்கள் ஏன் இல்லை என்று பாருங்கள். வெள்ளாட்டையும் செம்மறியையும் பிரித்தறியப் பழகிய கண்தான் நாளை வெளிமானையும் அறியும்.

துறைத்தலைவர்களும் பேராசிரியர்களும் செய்ய வேண்டியது ஒன்றே: வனத்துறைக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம். பாடத்திட்டத்தில் ‘எலும்பியல்’ என்று அச்சிட்டுவிட்டு நெகிழி வார்ப்பைக் காட்டி முடிப்பது இனியும் தொடரலாகாது.