தாய்மொழிப் பள்ளியும் கம்பியில்லாத் தந்தியும்

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்பித்தால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவர் என்னும் பேச்சு பேராக் மாநிலத்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அத்திட்டம் கைவிடப்படும் என 2009இல் அறிவிப்பு வந்தது. 2016இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் அதே எண்ணம் திரும்பி வந்தது. இதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். அவ்விசைவைத் தயங்காது தருவோர் தமிழருள்ளேயே இருக்கின்றனர்.

இவர்கள் ஜகதீச சந்திர போஸின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். 1858இல் பிறந்த போஸின் தந்தையார் ஆங்கில அரசில் உயர் அலுவலர். அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்தோர்கூடத் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிப் பெருமிதம் கொண்ட காலம் அது. அவரோ தம் மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே போஸுக்கு வலப்புறம் ஏவலாளின் மகன். இடப்புறம் மீனவரின் மகன். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தமக்கு ஊட்டியிருக்கலாம் எனப் போஸே 1915இல் நினைவுகூர்ந்தார். ஈப்போவைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களின் பழைய பள்ளிகளிலும் பால்மரம் வெட்டியோரின் மக்கள் இப்படித்தான் ஒரே பலகையில் அமர்ந்து கற்றனர். அதனை இழிவென்று சொல்லிக்கொடுத்தவர் யார்?

1895இல் கல்கத்தாவில் போஸ் எழுப்பிய மின்காந்த அலை, சுவரை ஊடுருவிச் சென்று அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. இடையே கம்பி ஏதுமில்லை! கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தால் அவர் அமைத்த அலையுணர் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஈப்போவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் கையாளும் குறைக்கடத்திச் சில்லுகளுக்கு அப்படிகம் முன்னோடி. நோபல் பரிசோ 1909இல் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போயிற்று. அது வேறு கதை.

“போஸ் பின்னர் ஆங்கிலம் கற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றாரே!” என்பர். சென்றார், யார் மறுத்தார்? தாய்மொழியில் கடைக்கால் இட்ட பிறகே சென்றார். மாடியின் அழகைக் காட்டிக் கடைக்காலைத் தோண்டச் சொல்வது எவ்வகை அறிவு?

உலகப் புகழ் எய்திய பின்னரும் அவர் வங்கமொழியில் எழுதினார். அக்கட்டுரைகள் 1921இல் ‘அவ்யக்த’ என நூலாயின. தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் கற்பிப்போருள் எத்தனை பேர், பாடநூலுக்கு வெளியே, ஒரு மின்கலத்தைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுதியிருக்கின்றனர்?