கொண்டை வெளுத்தால் பொடியைக் கரைக்காதீர்கள்

பல்லடம் வட்டாரக் கறிக்கோழிப் பண்ணைக்காரர்களுக்கும் கால்நடை மருந்துக் கடைக்காரர்களுக்கும் கோழி வாங்கிச் சாப்பிடும் பொதுமக்களுக்கும் எங்கள் சங்கத்தின் வேண்டுகோள்.

சென்ற மாதம் எங்கள் உறுப்பினர் ஒருவரின் கொட்டகையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரத்தக் கழிச்சல் என்றுதான் ஊருக்குள் பேச்சு. அது பாதிதான் உண்மை. எச்சத்தில் ரத்தம் நின்ற பிறகும் சாவு நிற்கவில்லை. டாக்டர் அறுத்துப் பார்த்தபோது நாங்கள் பக்கத்தில் நின்றோம். நெஞ்சுக்கறியிலும் தொடையிலும் குங்குமம் தெறித்தாற்போல் ரத்தப் புள்ளிகள். கொண்டை வெள்ளைக் காகிதம். காலெலும்பைப் பிளந்தால், சிவந்திருக்க வேண்டிய மஜ்ஜை வெளிறிக் கிடந்தது. மிச்சக் கோழிகளைக் கொன்றது கழிச்சலுக்குக் கொடுத்த சல்ஃபா பொடி.

இந்தப் பொடியை 3 நாள் கொடுத்தால் இடையில் நிறுத்த வேண்டும். அங்கே 9 நாள் விடாமல் கரைத்திருக்கிறார்கள், அதுவும் கத்திரி வெயிலில். வெயிலில் கோழி இரு மடங்கு தண்ணீர் குடிக்கும். அளவு மாறாமலே மருந்தும் இரு மடங்கு உள்ளே போகும். அது வைட்டமின் கே-யை முடக்குகிறது, ரத்தம் உறைவதில்லை. மஜ்ஜையையும் அமுக்குகிறது. நம் உடம்பில் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். கோழிக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான். குடலில் ஏற்கெனவே ரத்தம் இழந்த கோழிக்குப் புது ரத்தமும் ஊறாவிட்டால் அது எத்தனை நாள் தாங்கும்?

சீட்டில்லாமல் கேட்டவருக்குக் கடைக்காரர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். குஞ்சு தரும் நிறுவனத்தின் சூப்பர்வைசர் போனிலேயே அளவு சொன்னார். கோழி செத்தால் வளர்ப்புக் கூலியில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் பண்ணைக்காரர் கரைத்தார். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. ஆனாலும் பொடி கரைக்கும் முன் ஒரு கோழியைக்கூட யாரும் பரிசோதனைக்கு எடுத்துப் போகவில்லை என்பதை எங்களால் பொறுக்க முடியவில்லை.

சட்டம் இல்லாமலா? விலக்கு நாள் அச்சிடாத மருந்தென்றால், கடைசி வேளைக்குப் பிறகு முட்டைக்கு 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் பொறுக்க வேண்டும் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. நம் கோழி 40 நாளில் லாரி ஏறுகிறது. 33-ஆம் நாள் பொடி கரைத்தவர் இந்தக் கணக்கை யாரிடம் சொல்வார்? கோழிக்குக் கோலிஸ்டின் மருந்து 2019-இல் தடையானது. மனித மஜ்ஜையையே நிறுத்திவிடக்கூடிய குளோரம்பெனிகாலும், அதனுடன் நைட்ரோஃபியூரான் மருந்துகளும் 2025-இல் தடையாயின. பழைய டப்பா ஏதும் கொட்டகை மூலையில் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள்.

கொண்டை வெளுத்தாலோ எச்சத்தில் ரத்தம் கண்டாலோ நோய்ப்பட்ட கோழி இரண்டைக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். ரத்தமும் எச்சமும் பார்த்த பிறகு மருந்து கொடுங்கள். கொடுத்த மருந்து, அளவு, தேதி மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். கடைக்காரர்களே, டாக்டர் சீட்டில்லாமல் ஒரு டப்பாவும் தராதீர்கள். பொதுமக்களே, கறிக்கடையில் விலை கேட்கும்போதே கடைசியாக மருந்து கொடுத்த தேதியையும் கேளுங்கள்.

அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கும் நாளிலிருந்து கொட்டகை கொட்டகையாக வந்து நோட்டைப் பார்ப்போம். நோட்டு இல்லாத பண்ணையில் சாவு விழுந்தால், நிறுவனத்திடமோ அதிகாரிகளிடமோ அந்தப் பண்ணைக்காரருக்காகச் சங்கம் பேசாது. எங்கள் நிர்வாகிகளின் பண்ணைக்கும் இதுவேதான்.