கைப்பக்குவத்துக்கு யார் பரீட்சை வைப்பது?

2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்துவைத்தது. பட்டம் இல்லாமல் வழிவழியாக வைத்தியம் பார்த்துவந்த கேரளத்து வைத்தியர்கள், தொழிலைத் தொடர அனுமதி கேட்டுப் போயிருந்தார்கள். கிடைக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் பதிவும் இல்லாதவரை மக்கள் உயிரோடு விளையாட விட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு கேரளத்தாருடையது. ஆனால் பாறசாலையைத் தாண்டினால் நம் குமரி மாவட்டம். அங்கே ஊருக்கு ஊர் வர்ம வைத்தியசாலைப் பலகை தொங்குகிறது.

தீர்ப்பின் கவலையை நாம் குறை சொல்லப்போவதில்லை. வெறிநாய் கடித்த பிள்ளைக்குத் தடுப்பூசி போடாமல் பச்சிலை கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நோய் வெளிப்பட்டுவிட்டால் எந்த மருத்துவமும் காப்பாற்றாது. இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் இன்ன அறை என்று துண்டறிக்கை அடித்து, ஆண்மைக் குறைவு என்று பயம் காட்டியே பிழைக்கிற கூட்டமும் தன்னைப் பரம்பரை வைத்தியர் என்றுதான் போட்டுக்கொள்கிறது. ஏழு தலைமுறை என்பார்கள். எட்டாவது தலைமுறை தொலைக்காட்சியில் அரை மணி நேரம் விலைக்கு வாங்கியிருக்கிறது.

இவர்களோடு சேர்த்து இன்னொருவரும் கணக்கில் எழுதப்படுகிறார் என்பதுதான் நம் வருத்தம். சட்டத்துக்குப் பட்டதாரியைத் தெரியும், போலியைத் தெரியும். பதினைந்து வயதில் ஆசானிடம் போய்ச் சேர்ந்து, நாற்பது வயதில்தான் தனியாகக் கட்டுக் கட்டத் தொடங்கியவரைத் தெரியாது.

அவர் என்னதான் கற்றார்? எண்ணெய் காய்ச்சும் நாளில் வைத்தியசாலைக்குப் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் புரியும். உருளி அடுப்பேறி ஒரு பகல் கழிந்திருக்கும். சாறு வற்றி, அரைத்துப் போட்ட மூலிகை அடியில் வண்டலாகத் திரளும். ஆசான் கரண்டியில் ஒரு சிட்டிகை வண்டலை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் உருட்டுகிறார். சேறாக ஒட்டினால் ஈரம் இருக்கிறது. மெழுகாகத் திரண்டால் ஒரு பதம், மணலாக நெறுநெறுத்தால் அடுத்த பதம். உள்ளுக்குக் கொடுக்கவா, தலையில் தேய்க்கவா, முறிவுக்கு ஊற்றவா என்பதைப் பார்த்து இறக்குகிற பதம் மாறும். சந்தேகம் வந்தால் ஒரு திரியை எண்ணெயில் தோய்த்துப் பற்றவைக்கிறார். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இன்னும் போகவில்லை. மணல் பதத்தைத் தாண்டினால் கருகல்தான்; விறகும் போச்சு, மூலிகையும் போச்சு. சீடப்பிள்ளை பாடம் படிப்பது பெரும்பாலும் அந்தக் கருகலிலும் அதற்கு வாங்குகிற திட்டிலும்தான்.

நோயாளியைத் தொட விடுவது இதற்கெல்லாம் வெகு பின்னால். முதலில் பச்சிலை பறிக்க வேண்டும், இடிக்க வேண்டும், துணியில் சலிக்க வேண்டும். பால் பட்டால் தோல் வெந்துபோகும் சேராங்கொட்டையை மூக்கு நறுக்கிச் சுத்தி செய்ய வேண்டும். வர்மம் என்றால் சிலம்பமும் அடிமுறையும் முன்னால் வரும். வர்மங்கள் 108 என்று கணக்கு: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. எங்கே அடித்தால் ஆள் விழுவான் என்று தெரிந்தவனுக்கே எங்கே தட்டினால் எழுவான் என்றும் சொல்லித் தரப்படுகிறது. இளக்குமுறையும் அடங்கலும் அந்த இரண்டாவது அறிவு. ஆளின் குணம் பார்க்காமல் இதைக் கையில் கொடுப்பதில்லை. பன்னிரண்டு வருஷம் பார் என்கிறது மரபு. பன்னிரண்டு கொஞ்சம் கூடுதல்தான். இன்றைக்கு எந்த வீட்டில் பிள்ளையை அப்படி விட்டுவைப்பார்கள்?

இந்தக் கல்வியைப் பரீட்சைக்கு உட்படுத்த வழியில்லை, அது எழுத்தில் அடங்காது என்று அதிகாரிகளும் சொல்கிறார்கள், ஆசான்களும் சொல்கிறார்கள். இரு தரப்புக்கும் வசதியான பதில் இது. உண்மையில் நம் மருத்துவத்தைப் போலப் பரீட்சை வைக்கிற மருத்துவம் குறைவு. பற்பம் முடிந்ததா என்பதற்கு எத்தனை சோதனை பாருங்கள்: தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும், விரலில் தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும், நாக்கில் சுவை இருக்கக் கூடாது, வெயிலில் காட்டினால் மினுக்கம் தெரியக் கூடாது. புடத்துக்கு வரட்டிக் கணக்கு உண்டு: காடைப்புடத்துக்கு ஒன்று, கஜபுடத்துக்கு ஆயிரம். நோயறிய எண்வகைத் தேர்வு. நாடிக்கு மூன்று விரல். காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பாம்பாக நெளிகிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாத பித்த கபம் சொல்லும் நெய்க்குறி. இவற்றில் எது இன்றைய ஆய்வில் தேறும் என்பது தனிக் கேள்வி, தேறாதவையும் இருக்கும். ஈயமும் பாதரசமும் சேரும் மருந்துகளுக்கு ரேகைச் சோதனை மட்டும் போதாது, ஆய்வகமும் பார்த்தே ஆக வேண்டும். பாஸ்டன் கடைகளில் வாங்கிய ஆயுர்வேத மருந்துகள் 70-இல் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வை வெள்ளைக்காரன் சதி என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் கல்வியை எப்படி அளப்பது என்ற கேள்விக்குப் பக்கத்தில் அரசு ஒருமுறை வந்தது. 1921-இல் சென்னை மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழு, வைத்தியர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பிப் பதில் வாங்கியது. 1923-இல் வந்த அறிக்கையின் இரண்டாம் பகுதி முழுக்க அந்தச் சாட்சியங்கள்தான். உங்கள் முறையின் அடிப்படை என்ன, எப்படிக் கற்றீர்கள் என்று ஓர் அரசு நாட்டு வைத்தியரிடம் உட்கார்ந்து கேட்டது அபூர்வம். ஆனால் விளைந்தது பள்ளிக்கூடம். சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி, 1964-இல் பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரி, 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம். இவை வேண்டியவைதான். நோயாளி நம்பிப் போக ஓர் இடம் கிடைத்தது, சுவடிகள் அச்சேறின. ஆனால் அச்சேறக்கூடியது மட்டுமே பாடமானது. சித்த மருத்துவப் பட்டப்படிப்பான பி.எஸ்.எம்.எஸ். சேர இன்று நீட் மதிப்பெண் வேண்டும். வீட்டுக் கல்வத்தில் எட்டு வருஷம் அரைத்த பிள்ளைக்கு அதற்காக அரை மதிப்பெண்கூடக் கிடையாது.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. ஊரில் கட்டியை அறுத்ததும் கட்டுப் போட்டதும் பெரும்பாலும் முடி திருத்துகிறவர். பிரசவம் பார்த்தது அவர் வீட்டுப் பெண். மருத்துவர், மருத்துவச்சி என்று அழைத்தது ஊர். திண்ணையில் ஏற்றாததும் அதே ஊர். ஆனந்தம் பண்டிதர் ‘மருத்துவன்’ என்று இதழே நடத்தி இதைப் பேசினார். அயோத்திதாசர் ராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் ‘தமிழன்’ நடத்தினார். இன்று மேடையில் ‘சித்தர்கள் தந்த செல்வம்’ என்று முழங்குகிறவர்கள், அந்தச் செல்வத்தை நேற்று வரை தூக்கிச் சுமந்த மருத்துவச்சியின் பேரைச் சொல்வதில்லை. வீட்டுப் பிரசவங்கள் நின்றதால் தாய்மார் சாவு குறைந்தது. அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெண்களில் எத்தனை பேரை அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ அறைக்குள் ஒரு வேலையோடு அழைத்தது?

ஆசான்கள் மீதும் நமக்குக் கோபம் உண்டு. ஒரு யோகத்தின் கடைசிச் சரக்கைச் சொல்லாமலே கண்ணை மூடிய பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். மகனுக்கு மட்டும் என்றார்கள். மகன் வளைகுடாவுக்குப் போனான். மகள் பக்கத்திலேயே இருந்தாள், அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. வர்மம் தவறான கைக்குப் போகக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. இருமல் லேகியத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. வந்தவருக்கு என்ன கொடுத்தோம், எத்தனை நாளில் என்ன ஆனது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில்கூட எழுதிவைக்காதவர், தன்னை நம்பச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி எதைப் பார்த்து நம்புவார்?

ஆகவே ஒரு யோசனை. தமிழக அரசு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடத்துகிறது. ஐ.டி.ஐ. போகாதவர்களும் வயரிங் வேலையில் ஐந்து ஆண்டு அனுபவம் காட்டினால் எழுதலாம், செய்தும் காட்ட வேண்டும். தேறினால் சான்றிதழ். மின்சாரமும் உயிர் போகிற விஷயம்தான். அதே மாதிரி, முழு மருத்துவர் என்று யாருக்கும் பட்டம் கொடுக்க வேண்டாம். தொழில் பிரித்துத் தேர்வு வையுங்கள். முறிவுக்கட்டுக்கு ஒன்று, எண்ணெயும் மருந்தும் செய்வதற்கு ஒன்று, வர்மத் தடவலுக்கு ஒன்று. இலங்கையில் 1961-ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் பரம்பரை வைத்தியர்களைப் பதிவு செய்ய இடம் கொடுத்திருக்கிறது. அங்கே கைதடியில் பல்கலைக்கழகச் சித்த மருத்துவப் படிப்பும் நடக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது செத்துவிடவில்லை.

தேர்வுக்குழுவில் எலும்பு மருத்துவர் ஒருவர், சித்த மருத்துவப் பேராசிரியர் ஒருவர், மூத்த ஆசான் ஒருவர். முன்னால் மூங்கில் தப்பை, துணி, எண்ணெய், கை முறிந்த ஆள், அவர் எக்ஸ்ரே. பல வைத்தியசாலைகளில் எக்ஸ்ரே இல்லாமல் வராதே என்று இப்போதே சொல்லிவிடுகிறார்கள், ஆகவே இது புதிதாக இருக்காது. கட்டச் சொல்லுங்கள். கட்டிய பிறகு நகத்தில் என்ன பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுப்பு மாறி ரத்தம் திரும்புகிறதா என்று பார்க்கத் தெரியாதவர் கட்டுகிற இறுக்கமான கட்டில் கை அழுகிப்போகும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன் என்று சொல்லாதவரை அடுத்த வருஷம் வரச் சொல்லுங்கள். தேறியவருக்குச் சான்றிதழோடு ஒரு நோட்டும் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதுப்பிப்பு.

இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு மாதம் ஒரு ஜீப் போனால் போதும். திரும்பி வரும்போது இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேரை எண்ணெய் காய்ச்சுகிற இடத்தில் ஒரு வாரம் விட்டுவிட்டு வரலாம்.