பாட்டுக்குப் பூட்டு!

“பண்பாடு பாழாகிறது, பாட்டை நிறுத்து!” என்று ஆட்சிப் பீடத்தார் அலறும்போதெல்லாம், அறிவுள்ள இளைஞன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பாழாவது பண்பாடா, பறிபோவது அவர்தம் பிடியா?

மெக்சிகோவைப் பாருங்கள், தோழர்களே! 1968 அக்டோபர் 2. ஒலிம்பிக் விழாவுக்குப் பத்தே நாட்கள். தலைநகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் உரிமை கேட்டுக் கூடிய மாணவர்மீது குண்டுமாரி! மாண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் மறைத்தது அரசு. அன்றைய உள்துறை அமைச்சர் லூயிஸ் எச்செவர்ரியா, 1970-இல் குடியரசுத் தலைவரானார். 1971 ஜூன் 10-இல் மீண்டும் தெருவிலே மாணவர் குருதி. அப்போது பண்பாடு பதறவில்லை. ஒழுக்கம் ஒப்பாரி வைக்கவில்லை!

அதே ஆண்டு செப்டம்பர் 11. அவாந்தரோ என்னும் ஊரில் ராக் இசை விழா. இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர் மழையிலும் சேற்றிலும் நின்று, விடிய விடியப் பாட்டுக் கேட்டனர். துப்பாக்கி தூக்கினரா? இல்லை, கிதார் தூக்கினர். உடனே பதறியது பண்பாடு! ஏடுகள் தூற்றின, வானொலி வாய் மூடிற்று, பெரிய ராக் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

“அந்நியச் சரக்கு, அமெரிக்க நகல்” என்றனர், வலதுசாரிகள் மட்டுமல்ல, இடதுசாரி அறிஞர் சிலரும். அதில் உண்மையே இல்லை என்று வாதாட வரவில்லை நான். 1960-ஐ ஒட்டி எழுந்த குழுக்கள் அமெரிக்கப் பாடல்களை ஸ்பானிய மொழியில் மாற்றிப் பாடின. அவாந்தரோவில் பாடியோர் பலர் ஆங்கிலத்திலேயே பாடினர். நகல்தான்! ஆனால், நகலுக்கு மருந்து தடியடியா?

மருந்தை மக்களே கண்டனர். விரட்டப்பட்ட ராக், நகரத்து ஓரங்களில், ஏழைகளின் குடியிருப்புகளில், பழைய கிடங்குகளில் புகுந்தது. அவ்விடங்களுக்குப் ‘பொந்துகள்’ என்றே பெயர்! காவலர் அங்கும் வந்தனர், பாட்டு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கிய அலெக்ஸ் லோராவின் குழு, பொந்துக்குள் வந்தபின் ஏழையின் ஸ்பானிய மொழியில், ஏழையின் ஏக்கத்தைப் பாடிற்று. அரசு செய்யாத மொழித்தொண்டை, அரசால் துரத்தப்பட்டவன் செய்தான்!

1980-களின் பிற்பகுதியில், பணம் கொழிக்கும் என்று கண்ட இசைத்தட்டு வணிகர், ‘உன் மொழியில் ராக்’ என்று விளம்பரம் செய்து விற்றனர். நேற்றுவரை நச்சு, இன்று நல்ல சரக்கு!

71 ஆண்டுகள் ஆண்ட கட்சி 2000-இல் ஆட்சியை இழந்தது. எச்செவர்ரியா 2022-இல், நூறு வயதில், தண்டனை ஏதும் பெறாமலே மறைந்தார். மாணவரைக் கொன்றவர்க்குச் சிறையில்லை, பாடியவனுக்குப் பூட்டு!

ஆகவே, தோழர்களே, பண்பாட்டின் பெயரால் எவரேனும் பூட்டைத் தூக்கி வந்தால், முதலில் அவர் கையைப் பாருங்கள். கறை காய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்!