தராசைப் பிடிப்பவனுக்குக் கூலி கொடுப்பது யார்?

சென்ற மாதம் ஓர் இளைஞர் எமது கடைக்கு வந்தார். "நானா, ஒரு தொகை தாங்கோ, உங்கட தண்ணீர்ப் பம்பைப் பற்றி நல்லதா ஒரு வீடியோ போட்டுவிடுறன்" என்றார். ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "அது தேவையில்லை" என்றார். மறுத்துவிட்டேன். மறுவாரம் வேறொரு கடையின் பம்பை அவர் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பொருளை வாங்கி, மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்லச் செலவு உண்டு. வாங்குபவர் அதைத் தருவதில்லை. விற்பவர் தருகிறார், தராசும் அவர் பக்கம் சாய்கிறது. இதனால் முதலில் நட்டமடைபவர் நல்ல சரக்கை வைத்திருக்கும் வியாபாரியே. எமது சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரில் எந்தப் பம்பு, எந்த ஹீட்டர் தாக்குப்பிடிக்கும் என்பதை எஸ்.எல்.எஸ். முத்திரை சொல்லாது. அது ஆகக் குறைந்த தரத்துக்கான உறுதி மாத்திரமே.

இதற்கு வழி கண்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1936 இல் தொடங்கிய 'கன்சியூமர் ரிப்போர்ட்ஸ்' சஞ்சிகை விளம்பரம் ஏற்பதில்லை. சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்தே வாங்குகிறது. ஜேர்மனியில் 1964 இல் அரசாங்கம் 'ஸ்டிப்டுங் வாரன்டெஸ்ட்' என்ற அறக்கட்டளையை நிறுவியது. அதன் சஞ்சிகையிலும் விளம்பரம் இல்லை. பொது நிதி கிடைத்தாலும், எந்தப் பொருள் நல்லது என்று தீர்மானிப்பது அரசாங்கம் அல்ல.

இந்த முறை எமக்குப் புதிதா? வக்ஃப் செய்தவர் அந்தச் சொத்தைத் திரும்பக் கேட்க முடியாது. கொடுத்ததும் அது அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. நேர்மையான சோதனைக்கும் இத்தகைய பணமே தேவை.

2013 இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக இனவாதப் பிரசாரம் கிளம்பியபோது, கட்டணம் பற்றிய பேச்சும் ஓர் ஆயுதமாயிற்று. அந்த ஆண்டு மார்ச்சில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ச் சந்தைப் பொருட்களிலிருந்து இலச்சினையை விலக்கிக்கொள்ள முன்வந்தது. அந்தப் பிரசாரம் அநியாயமானது. ஆயினும் ஒரு பாடம் உண்டு: வேலை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, பணம் வரும் வழியும் எல்லோருக்கும் தெரியவேண்டும்.

எனது யோசனை இதுதான். யாழ்ப்பாணத்து வியாபாரிகள், முஸ்லிம், தமிழர் என்ற பேதமின்றி, கடைக்கு இவ்வளவு என்று சமமான சிறு தொகையை மாதந்தோறும் ஒரு பொது நிதிக்குக் கொடுப்போம். இறக்குமதியாளரிடமும் கம்பனிகளிடமும் ஒரு சதமும் வாங்கக்கூடாது. நிதியை வியாபாரத்தில் இல்லாதவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் நிர்வகிக்கட்டும். சோதிக்கும் பொருளை இன்னாருக்கென்று சொல்லாமல் கடையில் வாங்கட்டும். முடிவை வெளியிடுமுன் எவருக்கும் காட்டவேண்டியதில்லை. வரவு செலவை மக்கள் பார்க்க வைக்கட்டும்.

பணம் சேர்ப்பது கடினமல்ல. எமது கடையில் அடுக்கிவைத்த பம்பே மோசமானது என்று முடிவு வரும் நாளில்தான் சோதனை எமக்கு. தானியக் குவியலின் அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். அந்த நாளில் ஈரத்தை மேலே வைப்போமா, அல்லது அடுத்த மாதச் சந்தாவை நிறுத்துவோமா? இதற்கு மனதுக்குள் பதில் சொல்லிவிட்டு நிதியைத் தொடங்குவதே நல்லது.