நானோ லுடீன் கேப்சூல்: ஆரணி நெசவாளர் கண்ணுக்கு உதவுமா?

பட்டு இழையையே பார்த்துப் பிழைக்கும் ஆரணி நெசவாளர்களுக்குக் கண்தான் முதல். அப்போ, 'நானோ லுடீன்' கேப்சூல் வாங்கலாமா?

லுடீன் என்பது கீரை, முட்டை மஞ்சள் கருவில் உள்ள கரோட்டினாய்டு நிறமி. மஞ்சள் பட்டுக்கூட்டுக்கு நிறம் தருவதும், நம்ம விழித்திரை மையத்தில் படிவதும் இதுதான். கொழுப்பில்தான் கரையும், அதனால் உடம்பில் சேர்வது குறைவு. நானோ துகளுக்குள் அடைத்தால் கூடுதலாகச் சேரும் என்பதே கணக்கு. மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ.யிலும் இந்த ஆய்வு நடந்திருக்கு.

ஆனா, உடம்பில் சேர்வது வேறு; பார்வை தெளிவது வேறு. விழித்திரை மையம் தேயும் நோய் உள்ள முதியவர்களிடம் நடந்த அமெரிக்காவின் 'ஏரெட்ஸ்-2' ஆய்வு, 2013-ல் வெளியானது. வழக்கமான மாத்திரையோடு லுடீனும் ஸியாக்சாந்தினும் சேர்த்தும், நோய் முற்றுவது குறிப்பிடும்படி குறையவில்லை.

40 வயசுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்குத் தீர்வு கண்ணாடிதான். லுடீனுக்கு, எண்ணெய் விட்டு வதக்கிய முருங்கைக்கீரை இருக்கு. காசு செலவழிக்கும் முன்னாடி, கண் பரிசோதனை பண்ணிடுங்க.