பேசாமல் நிறுவிய பேராசிரியர்

விடையை மட்டும் எழுதிக் கொடுத்து, "சரிதானே, ஐயா?" என்று கேட்கும் மாணவர் எந்த வகுப்பிலும் உளர். அவர்களுக்கு நான் கூறும் கதை ஓர் எண்ணைப் பற்றியது.

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையிலிருந்து 1ஐக் கழித்தால் 147,573,952,589,676,412,927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். இது முதன்மை எண்ணா? அதாவது, 1ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணா?

ஆம் என்றார் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி. 1644ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில் இதனையும் சேர்த்தார், நிறுவல் தந்தாரில்லை. அக்கூற்று வீழ 232 ஆண்டுகள் சென்றன. 1876இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், இது முதன்மை எண் அன்று என நிறுவினார். எனினும் இதன் காரணிகள் எவையென அவரும் கண்டாரில்லை. பூட்டிய பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டென்று அறிவது போன்றது அது.

பெட்டியைத் திறந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் கோல். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் கூடிய கணிதச் சங்கத்தில் அவர் வாய் திறவாது கரும்பலகையை அணுகினாராம். ஒருபுறம் மேற்கண்ட எண்ணைக் கணித்தார். மறுபுறம் 193,707,721ஐ 761,838,257,287ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றாயின, சபை கரகோஷம் செய்தது. எத்துணைக் காலம் உழைத்தீர் என்று பின்னர் வினவியபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். கணித வரலாறு எழுதிய பெல் கூறும் செய்தி இது.

தேடலின் அருமையைப் பாருங்கள். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதனை 134ஆல் வகுத்தால் மீதி 1 வரல் வேண்டும் என்பது விதி. 135, 269, 403 என்று செல்லும் அவ்வரிசையில், கோல் கண்ட சிறிய காரணி 1,445,580ஆவது இடத்தில் உளது!

இன்று கணினி இதனைக் கணப்பொழுதிற் பகுத்துவிடும். ஆனால் பல நூறு இலக்கங்கள் கொண்ட எண்களின்முன் கணினியும் திணறும். பெருக்குதல் எளிது, பகுத்தல் அரிது என்னும் இவ்வியல்பையே பூட்டாகக் கொண்டு, 1977இல் அறிஞர் மூவர் இரகசியச் செய்திகளைக் காக்கும் முறையொன்றை வகுத்தனர்.

மாணவர்களே, மூன்றாண்டு ஞாயிறுகளிற் கண்டதைச் சரிபார்க்க உங்களுக்கு ஒரு ஞாயிறே மிகுதி. தாளும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். மெர்சென் கூறினார் என்பதும் சான்றன்று. கோல் கூறினார் என்பதும் சான்றன்று. செய்கையே சான்று. உங்கள் விடைத்தாளிலும் நான் தேடுவது அதனையே.